பேதி நின்ற பிறகு

குழந்தைக்கு மூன்று நாள் வாந்தியும் பேதியும். நான்காம் நாள் எல்லாம் அடங்கி, முகம் தெளிந்து, பொம்மையைத் தேடி எழுந்து வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஐந்தாம் நாள் குழந்தை வெளிக்குப் போகவில்லை. ஆறாம் நாளும் இல்லை. “பேதிக்குக் கொடுத்த மருந்து கட்டிப் போட்டிருச்சோ?” என்று தாய் கலங்குகிறாள். “வெத்தலைக் காம்பை விளக்கெண்ணெயில தொட்டு வையிடி, உடனே போயிடும்” என்கிறாள் பாட்டி. அடுத்த வீட்டிலோ நேர்மாறு. காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகியும் பிள்ளைக்குத் தினம் மூன்று தரம் இளக்கமாகவே போகிறது. பால் குடித்த அரைமணியில் வயிறு கடமுடவென்று இரைகிறது.

இரண்டு வீட்டிலும் கேள்வி ஒன்றுதான். நோய் போய்விட்டது, வயிறு ஏன் பழையபடி ஆகவில்லை? கடந்த அறுபது ஆண்டுகளில் மருத்துவம் இதற்கு நல்ல விடைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றில் சில வேலூரிலும் கொல்கத்தாவிலும் டாக்காவிலும், நம்மைப் போன்ற வீடுகளின் குழந்தைகளைப் பார்த்துக் கற்றவை. ஆனால் அவை வீடுகளுக்கு வந்து சேர்ந்த விதம் சீராக இல்லை. இளக்கமாகப் போனால் பதறி மருந்துக்கு மேல் மருந்து கொடுக்கிறோம். இறுகிப் போனால் ‘சூடு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். நோய் முற்றியிருக்கும் நாட்களில் முதல் பதற்றம் முற்றிலும் நியாயம்தான், ஏனென்றால் நீரிழப்பு உயிரை வாங்கிவிடும். நோய் விட்ட பிறகான வாரங்களில் கணக்கு மாறுகிறது. இளக்கம் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும், இறுக்கம்தான் கவனிக்காமல் விட்டால் மாதக்கணக்கில் வேர் பிடிக்கும். இந்த இரண்டாவது பாதிக்கு நாம் கொடுக்கும் கவனம் மிகக் குறைவு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மாற்றம் என்று சொல்வதற்கு முன் வழக்கம் எது என்று தெரிய வேண்டும். பிறந்த முதல் வாரங்களில் குழந்தைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 தரம் போகின்றன. இரண்டு வயதில் அது 2 தரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும். நான்கு வயதுக்குள் பெரியவர்களைப் போல ஒன்றுக்குச் சற்று மேலாக நிலைபெறும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒவ்வொரு முறை பால் குடித்ததும் போகலாம். பிறந்து ஒன்றரை மாதம் கடந்தபின் ஒரு வாரம் போகாமலும் இருக்கலாம். வயிறு மென்மையாக இருந்து, போகும்போது இளகிப் போனால் இரண்டுமே இயல்புதான். உலக சுகாதார நிறுவனம் பேதியை வரையறுக்கும்போது ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ இளகியோ நீராகவோ போவதைச் சொல்லிவிட்டு, அந்தக் குழந்தைக்கு வழக்கமானதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்வது இதனால்தான். எத்தனை தரம் என்பதைவிட என்ன பதத்தில் என்பது கூடுதலாகச் செய்தி சொல்லும். 1997இல் ஸ்டீபன் லூயிஸும் கென் ஹீட்டனும் வெளியிட்ட பிரிஸ்டல் அட்டவணை மலத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படம் போட்டுக் காட்டுகிறது. ஆட்டுப்புழுக்கை போன்ற உருண்டைகள் முதல் வகை, வெறும் தண்ணீர் ஏழாவது வகை. குழந்தை மருத்துவர் அறைகளில் இந்தப் படம் தொங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். “சரியாப் போகலை டாக்டர்” என்று சொல்வதைவிட அந்தப் படத்தில் விரல் வைத்துக் காட்டுவது எவ்வளவோ மேல்.

முதல் வீட்டுக் கேள்விக்கு விடை எளிது. பேதியில் குடல் முழுதும் காலியாகிவிட்டது. பசியும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, உள்ளே போனது கஞ்சியும் இளநீரும்தான். பெருங்குடல் மறுபடி நிறைய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். குழந்தை விளையாடுகிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது, வயிறு உப்பவில்லை, வாந்தி இல்லை என்றால் காத்திருக்கலாம். வெற்றிலைக் காம்புக்கு இங்கே வேலையே இல்லை.

இரண்டாவது வீட்டின் கதை கொஞ்சம் நீளம். சிறுகுடலின் உட்சுவர் முழுதும் விரல் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் எழுந்து நிற்கின்றன. உறிஞ்சியின் அடிவாரத்தில் உள்ள குழிகள் நாற்றங்கால் போன்றவை. அங்கே பிறக்கும் செல்கள் மேலேறி, ஏறும்போதே முதிர்ந்து, நுனியை அடைந்து சில நாட்களில் உதிர்கின்றன. அடியிலிருந்து நுனி வரை இந்தப் பயணத்துக்கு 3 முதல் 5 நாள். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் குழுவினரும் பேதி கண்ட குழந்தைகளின் குடல் துணுக்குகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். ரோட்டா வைரஸ் என்று பின்னால் பெயர் பெற்ற அது, நுனியில் உள்ள முதிர்ந்த செல்களையே தேடிப் பிடித்து அழிக்கிறது. உடல் அவசர அவசரமாகப் புதிய செல்களை மேலே அனுப்புகிறது. ஆனால் அவை முதிராதவை. உறிஞ்சும் வேலையைக் கற்காமல், நீரைச் சுரக்கும் பழக்கத்தோடேயே மேலே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. தொற்று அடங்கிய பிறகும் மலம் இளகிப் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

நுனிச் செல்களின் மேல்தான் பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னதாக அழிவதும் அதுதான், கடைசியாகத் திரும்புவதும் அதுதான். அதுவரை குடிக்கிற பாலின் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களிடம் புளித்து, வாயுவும் அமிலமும் ஆகிறது. அடையாளம் தெளிவாக இருக்கும்: தண்ணீராக, நுரையோடு, புளித்த வாடையோடு, காற்றும் சேர்ந்து பீய்ச்சிக்கொண்டு போகும். ஆசனவாயைச் சுற்றி வெந்ததுபோல் சிவந்திருக்கும். கழுவும்போது பிள்ளை வீறிட்டு அழும். அந்த அமிலம்தான் தோலைப் புண்ணாக்குகிறது. துணியால் தேய்க்காமல் தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடித்துப் பூசினால் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும்.

“பால்தான் சேரலை” என்று பாட்டி சொல்வது இந்த இடத்தில் பாதி சரி. மீதிப் பாதியில் ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் சில வீடுகளில் தாய்ப்பாலையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலை எந்த நிலையிலும் நிறுத்தக் கூடாது. மாட்டுப் பாலை மட்டும் ஒன்றிரண்டு வாரம் குறைத்து, கஞ்சியோடு கலந்தோ தயிராக்கியோ கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். தயிரில் சர்க்கரையின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்களே தின்று முடித்துவிடுகின்றன. இரண்டு வாரத்தில் சுவர் செப்பனிடப்பட்டுவிடும், பால் மறுபடி சேரும். “இவனுக்குப் பாலே ஆகாது” என்று வாழ்நாள் முத்திரை குத்தத் தேவையில்லை. தென்னிந்தியர்களில் பலருக்குப் பள்ளி வயதுக்குப் பிறகு லாக்டேஸ் மரபுவழியாகவே குறைந்துவிடும் என்பது உண்மை. அது வேறு, இது வேறு.

இந்தச் செப்பனிடும் வேலை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர், நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு முறை ரோட்டா தொற்று வந்தால் அடுத்த முறை வராது என்ற பாதுகாப்பு அங்கே எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. குழந்தைகள் திரும்பத் திரும்பத் தொற்றுக்கு ஆளானார்கள். சுவர் முழுதாக எழும்பும் முன்பே அடுத்த அடி விழுந்தால் ‘ஒரு மாதமாகவே இப்படித்தான்’ என்று தாய் சொல்வதில் என்ன வியப்பு? அங்கே வயிற்றுக்கு மருந்து எழுதுவதற்கு முன் குடிநீரையும் சாக்கடையையும் பார்க்க வேண்டும். ரோட்டா தடுப்பு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டு அரசுத் திட்டத்தில் 6, 10, 14 வாரங்களில் சொட்டாகக் கொடுக்கப்படுகிறது. எல்லாப் பேதியையும் அது தடுக்காது. கடுமையான பேதியைக் குறைக்கிறது, அதுவே பெரிய காரியம்.

ஆன்டிபயாடிக் கதை வேறு. காதுவலிக்கோ சளிக் காய்ச்சலுக்கோ அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த பாட்டில் மருந்தைக் கொடுத்த மூன்றாம் நாள் பிள்ளை இளக்கமாகப் போகத் தொடங்குகிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் செரிக்காத மாவுப்பொருளைப் புளிக்கவைத்துக் குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றை உறிஞ்சும்போது சுவர் தண்ணீரையும் உப்பையும் சேர்த்தே இழுத்துக்கொள்கிறது. மருந்து அந்தப் பாக்டீரியாக்களையும் கொன்றுவிடுவதால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. மருந்து முடிந்த சில நாட்களில் நிலைமை சீராகும். வைரஸ் பேதிக்கே ஆன்டிபயாடிக் கொடுப்பது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. நோயைக் குணப்படுத்தாமல் அதன் வாலை மட்டும் நீட்டுகிற வேலை அது.

இதற்கு மாற்றாக, நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் தூளும் குப்பியும் ஏறத்தாழ எல்லா மருந்துச் சீட்டிலும் இடம் பிடித்துவிட்டன. 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றுப்போக்கோடு அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், லாக்டோபேசில்லஸ் வகைகளுக்கும் வெறும் தூளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியைத் தடுப்பதில் சில வகைகளுக்குச் சான்று இருக்கிறது. எனவே எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் தள்ளவும் முடியாது. மாதக் கடைசியில் கையில் காசு குறைவாக உள்ள குடும்பம் அந்தக் குப்பிக்குச் செலவழிப்பதைவிடத் தயிருக்கும் முட்டைக்கும் செலவழிப்பது நல்லது என்பதே என் கருத்து.

குடலைக் கட்டிப்போடும் லோபரமைட் போன்ற மருந்துகளைப் பற்றி இரண்டு பேச்சுக்கு இடமில்லை. 1990 வாக்கில் பாகிஸ்தானில் அந்தச் சொட்டு மருந்து கொடுத்த கைக்குழந்தைகள் சிலர் குடல் அசைவு நின்றுபோய் இறந்தார்கள். குழந்தைகளுக்கு அது வேண்டாம்.

அழிந்த சுவரிலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது என்பது இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு. குளுக்கோஸும் உப்பும் கைகோத்து உள்ளே நுழையும் அந்த வழியை 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். 1971இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனதும் மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் அந்த அறிவை டிரம்களில் கரைத்து, தாய்மார்கள் கையில் கோப்பையைக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலம் அதன் வாரிசு. ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் வந்த இனிப்புப் பானங்கள் இதே பெயரைப் போட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விற்கப்பட்டன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது. அளவுக்கு மீறிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். பேதி நின்ற பிறகும் ‘தெம்புக்கு’ என்று அத்தகைய பானங்களையும் பெட்டிப் பழச்சாற்றையும் தொடர்ந்து கொடுப்பதால் மட்டுமே இளக்கம் நீளும் குழந்தைகள் உண்டு. பழச்சாற்றை நிறுத்தினால் வேறு வைத்தியம் வேண்டாம்.

துத்தநாகத்துக்கு இன்னும் நம் வீடுகளில் உரிய மரியாதை கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10 மில்லிகிராம், இந்தியாவில் 14 நாள். பேதியின் நாட்களைக் குறைப்பதோடு அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி வருவதையும் அது குறைக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் பேதி கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்குக் கரைசல் கிடைத்திருந்தது, துத்தநாகமோ 30 சதவீதத்தினருக்குத்தான். கிடைத்த வீடுகளிலும் பேதி நின்ற நான்காம் நாளே மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்துவிடுகிறார்கள். பதினான்கு நாளும் கொடுப்பதற்குக் காரணம் பேதி அல்ல, பேதிக்குப் பிந்திய குடல் என்பதை யாராவது உட்கார்ந்து சொன்னால்தான் புரியும்.

சாப்பாட்டில் நம் மரபு பல இடங்களில் சரியாகவே இருந்திருக்கிறது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், பருப்பு மசித்த குழைந்த சோறு, இட்லி எல்லாம் நல்லவை. ‘வயிற்றைக் காயப்போடு’ என்பது மட்டும் தப்பு. பட்டினி கிடக்கும் குடல் மெதுவாகவே செப்பனிடப்படும். வாழைக்காய் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். ‘வாயு’ என்று நோயாளிக் குழந்தைக்கு நாம் அதைக் கண்ணிலும் காட்டுவதில்லை. டாக்காவில் பேதி நீடித்த கைக்குழந்தைகளுக்கு, வேகவைத்து மசித்த வாழைக்காயை அரிசி உணவோடு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. வெறும் அரிசி உணவு உண்டவர்களைவிட அவர்கள் விரைவாகத் தேறினார்கள். சிறுகுடலில் செரிக்காத அதன் மாவு பெருங்குடலில் அந்தக் குறுங்கொழுப்பு அமிலங்களாக மாறித் தண்ணீரை உள்ளிழுக்க உதவுகிறது. நோய் விட்ட பிறகு இரண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாக ஊட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இழந்த எடை திரும்பும் வழி அதுதான்.

நிறம் பற்றிய பயம் பெரும்பாலும் வீண். பித்தம் பச்சை நிறம். குடலில் நிதானமாக நகரும்போதுதான் அது பழுப்பாகும். வேகமாக ஓடிவந்தால் பச்சையாகவே வெளியே வரும். ‘மாந்தம்’ என்று அதற்கு உரமருந்து உரசிக் கொடுக்கத் தேவையில்லை. இரும்புச்சத்து மருந்து குடித்தால் கருக்கும், பீட்ரூட் தின்றால் சிவக்கும். ஆனால் தார் போலக் கறுத்து ஒட்டினாலோ, சுண்ணாம்பு போல வெளுத்தாலோ, ரத்தமும் சீதமும் கலந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பொறுத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. சளிக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன கைக்குழந்தை திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீறிடுகிறது, சற்று ஓய்கிறது, கால்மணி கழித்து மறுபடி வீறிடுகிறது. பின்னர் சிவந்த கூழ் போல மலம் போகிறது. குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொண்டதன் அடையாளம் இது, சில மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்தபேதி கண்ட குழந்தை சில நாளில் வெளிறிப்போய்ச் சிறுநீர் குறைந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் அபாய நேரம். அப்போது வயிறு கடுமையாக வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், மலம் கறுத்தால் காத்திருக்காதீர்கள். பச்சை வாந்தி, உப்பிய வயிறு, குழிவிழுந்த கண், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை எல்லாம் இதே வகை. பேதி 14 நாள் கடந்தால் அதைத் தனி நோயாகவே நினைக்க வேண்டும். எண்ணெய்ப் பசையோடு நாறி மிதக்கும் மலமும் உப்பலும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியைக் காட்டலாம். எடை இறங்கினால் காரணம் தேடியே ஆக வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பதினான்கு நாள் வரை காத்திருக்கும் சலுகையும் இல்லை.

இனி இறுக்கம். ஒரு நாலு வயதுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தான். வியர்வையிலும் வேகமூச்சிலும் உடம்பின் தண்ணீர் போனது. நாக்குக்கு எதுவும் பிடிக்காமல் பாலும் பிஸ்கட்டும் மட்டுமே உள்ளே போயின. தூக்கம் தரும் சளி மருந்து குடலையும் கொஞ்சம் தூங்கவைத்தது. காய்ச்சல் விட்ட மறுநாள், ஐந்து நாளாகத் தங்கி இறுகிப்போன மலம் ஆசனவாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒரு சொட்டு ரத்தம். அவன் அலறுகிறான். அன்றே முடிவு செய்துவிடுகிறான், இனி போகவே கூடாது என்று.

அடுத்த முறை உந்துதல் வரும்போது அவன் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறான். திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நிற்கிறான். பிட்டம் இறுகுகிறது, முகம் சிவக்கிறது. “பாவம், முக்கி முக்கிப் பார்க்கிறான், வரமாட்டேங்குது” என்கிறார்கள் வீட்டில். அவன் முக்கவில்லை, அடக்குகிறான். இந்த ஒரு காட்சியைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் பாதி வைத்தியம் ஆனது போல. உந்துதல் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும், அவன் விளையாடப் போய்விடுவான். உள்ளே தங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் இன்னும் தண்ணீரை உறிஞ்சும். அது இன்னும் இறுகும், பெருக்கும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். வாரங்கள் போகப் போக மலக்குடல் விரிந்து, நிறைந்திருப்பதையே உணராத நிலைக்குப் போகும். கடைசியில் அடைத்த கட்டியைச் சுற்றி மேலிருந்து இளகிய மலம் கசிந்து கால்சட்டையைக் கறைப்படுத்தும். அதைப் பேதி என்று நினைத்து மறுபடி கட்டும் மருந்து கொடுப்பவர்கள் உண்டு. “இவ்வளவு பெரிய பையன், வெக்கமா இல்ல?” என்று அடிப்பவர்களும் உண்டு. அவனுக்குக் கசிவது தெரியவே தெரியாது. அடிக்கு அவன் கற்றுக்கொள்வது இன்னும் இறுக்கமாக அடக்குவதைத்தான்.

வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும் இங்கேதான் உண்மையான தீங்கு செய்கின்றன. அவை வேலை செய்யாதவை அல்ல. ஆசனவாயைத் தூண்டி அப்போதைக்கு மலத்தை வெளியேற்றிவிடும். ஆனால் அந்த இடத்தைத் தொட்டாலே வலி என்று பயந்திருக்கிற குழந்தையை நான்கு பேர் பிடித்து அமுக்கி அதைச் செய்கிறோம். சோப்பின் காரம் மென்தோலை அரிக்கும். நோய்க்குப் பிறகு ‘குடலைக் கழுவ’ விளக்கெண்ணெய் ஊற்றும் வழக்கமும் பழைய வீடுகளில் உண்டு. டைஃபாய்டில் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு மலச்சிக்கல் வருவது வழக்கம். அந்த நோயில் சிறுகுடல் சுவரில் புண்கள் இருக்கும், மூன்றாவது வாரத்தில் துளைபடும் அபாயமும் உண்டு. அப்படிப்பட்ட வயிற்றுக்கு விளக்கெண்ணெயோ எனிமாவோ கொடுப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. காய்ச்சலின் காரணம் தெரியாதபோது மலமிளக்கியை வீட்டில் நாமாகக் கொடுக்கக் கூடாது.

சரியான வழி பொறுமையானது. முதலில் அடைத்திருப்பதை வாய்வழி மருந்தால் இளக்கி வெளியேற்ற வேண்டும். 2014இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை குடல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இதற்குப் பாலிஎத்திலின் கிளைகாலை முதலில் வைக்கிறது. அது கிடைக்காத இடத்தில் லாக்டுலோஸ். இவை குடலைத் தூண்டி விரட்டுவதில்லை, மலத்தில் தண்ணீரைத் தங்கவைப்பவை மட்டுமே. பிறகு அதே மருந்தைக் குறைந்த அளவில் குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும். எல்லாம் சரியாகி ஒரு மாதம் கழிந்த பிறகே படிப்படியாகக் குறைக்க வேண்டும். நம் வீடுகளில் தோல்வி வருவது இந்த இடத்தில்தான். மூன்று நாள் நன்றாகப் போனதும் “மருந்துக்குப் பழகிரும்” என்று பாட்டிலை மூடி வைத்துவிடுகிறார்கள். விரிந்த மலக்குடல் சுருங்க மாதங்கள் ஆகும். அதற்குள் ஒரே ஒரு வலி வந்தாலும் கதை முதலிலிருந்து தொடங்கும். முறையாகச் செய்தாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளே மருந்தில்லாமல் தேறுகிறார்கள். ஆகவே காய்ச்சல் விட்ட அந்த முதல் வாரத்திலேயே பிடித்துவிடுவது எவ்வளவு லாபம் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர், கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர் திராட்சை, கீரைக் கூட்டு எல்லாம் அந்த முதல் வாரத்துக்கு ஏற்றவை. பால் அரை லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைத்துப்போன பிறகு வெறும் கீரையும் பழமும் திறக்காது.

உட்காரும் பழக்கமும் மருந்துதான். சாப்பிட்ட உடனே இரைப்பை நிறைவது பெருங்குடலை அசைக்கிறது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பத்து நிமிடம், போனாலும் போகாவிட்டாலும், திட்டாமல் உட்காரவைக்க வேண்டும். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலுக்கு ஒரு பலகை, முழங்கால் இடுப்புக்கு மேல் வர வேண்டும். நோய்க்கு முன் கழிப்பறைக்குப் போகப் பழகிய குழந்தை மறுபடி டயப்பர் கேட்டால் சில வாரம் கொடுத்துவிடலாம். அதனால் பழக்கம் கெட்டுவிடாது. வலி மறந்ததும் அதுவே திரும்பி வரும்.

சில குழந்தைகளுக்கு எல்லாம் சரியான பிறகும் வயிற்றுவலி விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் இளக்கம், ஒரு நாள் இறுக்கம். தொற்றுக்குப் பிந்திய எரிச்சல் குடல் என்று இதைச் சொல்கிறார்கள். 2000 மே மாதம் கனடாவில் வாக்கர்டன் ஊரின் குடிநீரில் ஆபத்தான ஈகோலை பாக்டீரியா கலந்து 7 பேர் இறந்தார்கள், 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அந்த ஊர்க் குழந்தைகளை எட்டாண்டு தொடர்ந்து பார்த்தபோது, அன்று பேதி கண்ட குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்தினருக்கு இந்தத் தொல்லை வந்திருந்தது. பேதி காணாதவர்களில் 2.5 சதவீதம்தான். குடலின் நரம்புகள் வலியை உரக்கச் சொல்லப் பழகிவிடுகின்றன. பரிசோதனைகளில் எதுவும் தெரியாது. அதற்காகக் குழந்தை நடிக்கிறது என்று அர்த்தமில்லை. மனச்சுமை இதைக் கூட்டுகிறது என்பதற்கும் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் 10 முதல் 16 வயது மாணவர்களைப் பார்த்த ராஜிந்திரஜித் குழுவினர் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கு மலச்சிக்கல் இருப்பதைக் கண்டார்கள். போர் நடந்த பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளிடம் அது இன்னும் கூடுதலாக இருந்தது.

பள்ளியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. நோயிலிருந்து எழுந்த பிள்ளை திங்கட்கிழமை வேனில் ஏறுகிறது. வேன் ஏழரைக்கு, சாப்பாடு ஏழு பத்துக்கு. குடல் அசையத் தொடங்கும் நேரத்தில் பிள்ளை சாலையில் இருக்கிறது. பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, போனால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். மாலை நான்கரை வரை அடக்கி வைக்கிறது. வீட்டில் பார்த்துப் பார்த்துச் செய்த வைத்தியம் முழுவதும் அந்த ஒன்பது மணி நேரத்தில் கரைந்துபோகிறது. மருத்துவமனை கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரும் மறுபடி வரவேண்டிய தேதியும் இருக்கின்றன. அடுத்த நான்கு வாரம் மலம் எப்படி இருக்கும், எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்று நான்கு வரி தமிழில் அதிலேயே அச்சிட்டுக் கொடுக்க முடியும். பள்ளிக்குப் பெற்றோர் எழுதும் விடுப்புக் கடிதத்திலும் ஒரு வரி சேர்க்கலாம்: இன்னும் சில வாரத்துக்கு இவள் எப்போது கேட்டாலும், பாடம் நடந்துகொண்டிருந்தாலும், காரணம் கேட்காமல் வெளியே விடுங்கள்.